செம்பனைத் தோட்டத்தில் டிரோன்: எங்கே தவறு நடக்கிறது?

மலேசியாவில் குளுவாங் மாதிரி எஸ்டேட் ஊரில் டிரோன் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவையும் விலையையும்தான். எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு யார் தோட்டத்துக்குள் நடக்கப் போகிறார்கள் என்பதை யோசிப்பதில்லை. பெரிய தவறு இதுதான்.

படத்தில் ஒரு ப்ளாக் மஞ்சளாகத் தெரிந்ததும் உர மூட்டைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள், தழைச்சத்து குறைந்தாலும் மஞ்சள். மெக்னீசியம் குறைந்தால் அடிவரிசையில் உள்ள முதிர்ந்த மட்டைகள்தான் முதலில் நிறம் மாறும். அவற்றை மேலேயிருக்கும் இளம் மட்டைகள் மறைத்துவிடும். டிரோன் பார்ப்பதோ உச்சியிலிருந்து! படம் பச்சையாக இருக்கிறது என்று கீசரைட் என்ற மெக்னீசியம் உரத்தை நிறுத்திவிடாதீர்கள். எந்த உரம், எவ்வளவு என்பதைப் முழுதாக விரிந்த இளம் மட்டையிலிருந்து எண்ணிப் பதினேழாவது மட்டையின் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சையின் விஷயம் இன்னும் மோசம். குருத்துகள் விரியாமல் நிற்பதும் மட்டைகள் தொங்குவதும் மேலிருந்து தெரியும்போது, அடித்தண்டில் பாதியாவது அழுகியிருக்கும். ஆகவே டிரோன் காட்டும் மரத்தோடு நிற்காமல், அதைச் சுற்றியுள்ள மரங்களின் அடியிலும் காளான் இருக்கிறதா என்று மண்டோரை (வேலை மேற்பார்வையாளரை) அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரணக் கேமராவில் எடுத்த படத்துக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் பூசி ‘பயிர் ஆரோக்கிய வரைபடம்’ என்று விற்பவர்களிடம் கொஞ்சம் உஷார். பயிரின் பசுமையை அளக்கும் என்டிவிஐ கணக்குக்கு அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் கேமரா வேண்டும். அது இருந்தாலும், இளம் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடப் படரவிட்டிருக்கும் மூக்குனா கொடியும் பச்சைதானே? கன்று சோர்ந்திருக்கும், வரைபடம் செழிப்பு என்று சொல்லும்.

பறக்கவிடும்போது பேட்டரியை மிச்சப்படுத்தப் படங்களை இடைவெளிவிட்டு எடுக்காதீர்கள். செம்பனை மரங்கள் மேலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. ஒரு படம் அடுத்ததன் மேல் 75 முதல் 80 விழுக்காடு வரை படியாவிட்டால் மென்பொருள் குழம்பி, மரங்களைத் தவறாக எண்ணிவிடும். மேட்டு நிலத்தில் ஒரே உயரத்தை வைத்துப் பறப்பதும் அதே கோளாறுதான். நேரமும் முக்கியம்: காலை வெயில் ஏறி நிழல் குறைந்த பிறகு, மாலை இடிமழைக்கு முன்.

அப்புறம் அனுமதி. 400 அடிக்கு மேலே பறக்கவும், விமான நிலையத்தின் வான்பகுதிக்குள் நுழையவும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. குளுவாங்கில் தரைப்படையின் விமானப் பிரிவே இருக்கிறது; ஹெலிகாப்டர் தாழப் பறக்கும் இடம். ‘நம்ம தோட்டம்தானே’ என்ற பேச்சு இங்கே செல்லாது. மருந்தடிக்கும் டிரோன் என்றால் அதற்குத் தனி அனுமதி. காற்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வீசினால், அனுமதி கையில் இருந்தாலும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.