மேல்மூச்சு வாங்கினால் முதலில் மூச்சை விடுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. இடுப்பில் குடத்தோடு ஏறி வரும் அம்மா, மேலே வந்ததும் வாயைத் திறந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவார். அதில் களைப்புதான் கூடும்.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தசை கிடையாது. அதன் அடியில் குடை போல வளைந்திருக்கும் உதரவிதானம் என்ற தசைதான் சுருங்கிக் கீழே இறங்கும். மார்புக்கூட்டுக்குள் இடம் பெருகி, அழுத்தம் குறைந்து, காற்று உள்ளே வரும். பழைய காற்று வெளியேறினால்தான் புதுக் காற்றுக்கு இடம்.

அதனால் கைப்பிடியைப் பிடித்துச் சற்று முன்னால் சாய்ந்து நில்லுங்கள். மூக்கால் 2 எண்ணும்வரை இழுங்கள், வயிறு முன்னே வரட்டும். அப்புறம் சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, 4 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். குவித்த உதடு, சிறிய காற்றுக்குழாய்கள் சட்டென மூடிக்கொள்ளாமல் காக்கும். அம்மாவுக்கு ஐந்தாறு முறையிலேயே தோள் இறங்கிவிடுகிறது.

மூக்கால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியை மூக்கின் முடியும் சளியும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். வாயில் அந்த வடிகட்டி இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இதெல்லாம் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.