கியூலாக்கர் பூட்டிய கியூநாப் பெட்டியிலிருந்து கோப்புகளை மீட்பது

2021 ஏப்ரலில் பரவிய கியூலாக்கர் என்ற பணயத்தொகை கேட்கும் தீநிரல், கியூநாப் நிறுவனத்தின் நாஸ் (வலையமைப்பில் இணைத்த கோப்புச் சேமிப்பு) பெட்டிகளில் இருந்த கோப்புகளை செவன்-ஜிப் என்ற சுருக்கும் நிரலைக் கொண்டு கடவுச்சொல் போட்டுச் சுருக்கி, மூலக்கோப்பை அழித்துவிட்டது. அழித்ததுதான், மேலெழுதவில்லை. மீட்க வழி இருப்பது அதனால்தான்.

முதலில் ரவுட்டரின் இணைய இணைப்பை மட்டும் பிடுங்குங்கள். பூட்டும் வேலை இன்னும் ஓடினால் பெட்டியை அணைக்காதீர்கள்: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியே நுழைந்து இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால், செவன்-ஜிப் கட்டளையிலேயே கடவுச்சொல் தெரியக்கூடும். மறுதொடக்கம் செய்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பூட்டும் வேலை முடிந்துவிட்டதென்றால், அழிந்த கோப்புகளைத் தேடி மீட்கும் போட்டோரெக் என்ற நிரல்தான் கதி. அதுவரை பெட்டியில் எதையும் எழுதக் கூடாது. தானியங்கி பேக்கப், டவுன்லோடு, படங்களின் சிறுதோற்றம் உருவாக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் அழிந்த ஒன்றின் இடத்தைப் பிடிக்கலாம். எஸ்எஸ்டியில் டிரிம் (அழிந்த கோப்புகளின் இடத்தைத் துடைக்கும் வேலை) ஓடியிருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு.

பயன்படுத்திய இடத்தைப் போல ஒன்றரை மடங்காவது காலியிடமுள்ள வெளி டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகுங்கள்; மீட்பவை அதில்தான் சேர வேண்டும். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) என்றால் டிஸ்க்குகளைத் தனித்தனியே தேடிப் பயனில்லை, கோப்புகள் துண்டுதுண்டாகப் பிரிந்திருக்கும். போட்டோரெக்கில் சேர்ந்த வால்யூமையே தேர்ந்தெடுங்கள். கோப்பு முறைமை வகை இஎக்ஸ்டி4, தேடுவது காலியிடத்தில் மட்டும். பல டெராபைட் என்றால் நாள்கணக்கில் ஓடும்.

கிடைப்பவற்றுக்குப் பெயரும் ஃபோல்டரும் இருக்காது. பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்: அவற்றின் உள்பட்டியலில் மூலக்கோப்பின் அளவு பைட் கணக்கில் இருக்கும், அதோடு பொருத்திப் பெயர் வைக்கலாம். பெரிய வீடியோக்கள் சிதறிக் கிடப்பதால் அடிக்கடி உடைந்தே வரும்.