பந்தைத் தருமுன் காலைப் பழக்குங்கள்: பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்பிக்கும் முறை

தருமபுரிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களுக்குக் கூடைப்பந்து கற்க வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே கபடி ஆடியவர்கள். ஓடவும் பாயவும் அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடி வந்த வேகத்தில் பந்தைப் பிடித்துத் தடுமாறாமல் நிற்பதுதான் அவர்களுக்கு வராது. ஆகவே, பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் பயிற்சி தரவிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும், ஊரில் ஆர்வத்தோடு சொல்லித்தரும் அண்ணன் அக்காக்களிடமும் நான் வலியுறுத்துவது ஒன்றே: முதல் இரண்டு வாரங்கள் கூடையைப் பற்றிப் பேசாமல், நிற்கக் கற்றுக்கொடுங்கள்.

இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், உடற்கல்வி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை மாட்டி இதைத் தொடங்கியபோது எழுதிய 13 விதிகளில், பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பதும் ஒன்று. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பயிற்சிக்கு முன் தரையைப் பாருங்கள். நம் மாவட்டத்துச் செம்மண் புழுதி சிமெண்ட் தரையில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். நிற்கப் பழகும் பிள்ளை அதில் வழுக்கினால், அடுத்த முறை பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தென்னந்துடைப்பத்தால் இரண்டு பேர் பத்து நிமிடம் கூட்டினால் போதும்.

இரு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி நிற்பதைக் கற்பிக்கப் பாண்டி ஆட்டத்தைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. சாக்பீஸால் பாண்டிக் கட்டங்களை வரைந்து, மூன்று கட்டங்களை நொண்டியடித்துக் கடந்து, நான்காவதில் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி குதிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பாதங்கள் தோளகலம் விரிந்து, குதிகால்களில் எடை விழாமல் நிற்க வேண்டும். சரியாக நின்றால் 'டப்' என்று ஒரே சத்தம்தான் கேட்கும்; இரண்டு சத்தம் கேட்டால் கால்கள் முன்பின்னாக விழுந்திருக்கின்றன என்று பொருள். "சத்தம் எத்தனை கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள், "ரெண்டு சார்" என்று பிள்ளையே தன் பிழையைச் சொல்லிவிடும். இது கைவந்த பிறகு, நான்காவது கட்டத்தில் குதிக்கும்போதே பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு காலை ஆணியடித்தாற்போல் ஊன்றி, மற்றக் காலால் சுற்றித் திரும்பும் பிவட்டைத் தொடங்கலாம். ஊன்றிய கால் நகர்ந்தால் அது டிராவலிங் என்ற விதிமீறல். அந்தச் சொல்லை முதல் நாளே அறிமுகப்படுத்திவிடுங்கள்.

பந்தின் அளவில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். பெரியவர்கள் ஆடும் 7ஆம் எண் பந்தையே பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, 3.05 மீட்டர் உயர ரிங்கில் எறியச் சொன்னேன். பந்தைத் தூக்க வலுவில்லாமல் இடுப்பிலிருந்து வீசி எறியப் பழகிய அந்தக் கைகளைத் திருத்த எனக்கு ஓராண்டு ஆனது. அந்த வயதுக்கு ஏற்றது 5ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயர ரிங்கும்தான். பள்ளி ரிங்கை இறக்க முடியாதென்றால், வெல்டிங் பட்டறையில் 45 செ.மீ. விட்டமுள்ள வளையம் ஒன்று செய்து சுவரில் பொருத்துங்கள்.

மூன்றாம் வாரத்தில் பாஸ். மார்புக்கு நேராக எறியும் பாஸ், தரையில் ஒருமுறை மோதிப் போகும் பவுன்ஸ் பாஸ் ஆகிய இரண்டும் போதும். பவுன்ஸ் பாஸ் இருவருக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்து தரையைத் தொட வேண்டும். பிறகு மூன்று பேருக்கு மூன்று பேர் நிறுத்தி, பந்தைத் தட்டவே கூடாது, தொடர்ந்து பத்து பாஸ் போட்டால் ஒரு புள்ளி என்று ஆடவிடுங்கள். பந்து கையில் இல்லாதபோது எங்கே போய் நிற்பது என்ற அறிவு இந்த ஆட்டத்தில் தானாக வளரும். நானறிந்த வேறெந்தப் பயிற்சியும் அதை இவ்வளவு விரைவில் தருவதில்லை.

அடுத்தது டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது. அதற்கு உள்ளங்கையைப் பயன்படுத்தாமல் விரல் நுனிகளின் சதையால் பந்தைத் தள்ளச் சொல்லுங்கள். அவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் விரல்களை உயர்த்திக் காட்ட, எண்ணிக்கையை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். கண் பந்தைவிட்டு மேலே எழும். சோற்றுக்கையால் எவ்வளவு நேரம் தட்டினார்களோ, இடக்கையால் அதைப்போல் இருமடங்கு நேரம் தட்டட்டும்.

ஓடி வந்து எழும்பி, ரிங்கின் அருகிலிருந்து பந்தைப் போடும் லே-அப்பைக் கடைசிக் காலடியிலிருந்து பின்னோக்கிக் கற்பியுங்கள். வலக்கைப் பிள்ளையை ரிங்கின் வலப்பக்கம் ஓரடி தொலைவில் நிறுத்தி, இடக்காலால் மட்டும் எழும்பி, போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்மூலையில் பந்தைத் தொடவைத்துப் போடச் சொல்லுங்கள். அது படிந்ததும் 'வலது, இடது' என்று ஒரு காலடியைச் சேருங்கள். அதற்கும் பிறகே டிரிபிள். முழு ஓட்டத்தையும் ஒரேயடியாகக் காட்டினால் கால் குழம்பிவிடும். ஷாட்டுக்கும் இதே பொறுமை வேண்டும்: ரிங்கிலிருந்து ஒரு மீட்டரில் ஒற்றைக் கையால் தொடங்கி, முழங்கை பந்துக்கு நேர்கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தடுப்பாட்டத்தில் கபடிப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்து நிற்பது எளிதில் வரும், ஆனால் கை பிடிக்கப் போகும். பக்கவாட்டில் காலை நகர்த்தும் பயிற்சியைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே செய்யவையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு குவளை கேழ்வரகுக் கூழ் குடித்த பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் வேறுபாடு கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று வளரும் பிள்ளை சொன்னால், சோம்பல் என்று எண்ணாமல், குதிக்கும் பயிற்சிகளை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாண்டியில் தேறிய பெண் பிள்ளைகளே நிற்கும் பாடத்தை முதலில் கற்கிறார்கள். ஏழாம் எட்டாம் வகுப்பில் மைதானத்துக்கு வராமல் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. அது என்னை மிகவும் வருத்துகிறது. வீட்டுக்கே சென்று தாயிடம் பேசுங்கள். "சாயங்காலம் ஐந்தரைக்கு முடித்துவிடுவோம் அம்மா, டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் நான் கிளம்புவேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாளும் தவறாமல் அப்படியே செய்யுங்கள்.