துருக்கிக் குடியரசின் பிறப்பைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"1923 அக்டோபர் 29 அன்று உதுமானியப் பேரரசு ஒழிந்து துருக்கிக் குடியரசு பிறந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் தேர்வுக் கையேடுகளிலும் கட்டுரைகளிலும் வேரூன்றிவிட்டது. அந்த வரியின் பிற்பாதி சரி, முற்பாதி சரியல்ல. அந்த நாளில் ஒழிப்பதற்குச் சுல்தான் என்று எவரும் இருக்கவில்லை. அவர் நாட்டைவிட்டுப் போய் ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. ஆனால் முஸ்லிம் உலகின் சமயத் தலைவராகக் கருதப்பட்ட கலீஃபா இஸ்தான்புல் அரண்மனையில்தான் இருந்தார். மேலும் நான்கு மாதங்களுக்கு இருக்கவும் போகிறார். குடியரசை அறிவித்த அங்காரா அவையும் அன்று முளைத்ததல்ல. அது 1920 முதல் படை நடத்தி, வரி தண்டி, அரசமைப்புச் சட்டம் இயற்றி, அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்த அமைப்பு. இந்த வரலாற்றை எழுதுவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன: பின்னால் நடந்தது தெரியும் என்பதால், முன்னால் நடந்தவை எல்லாம் அதை நோக்கியே நடந்தன என்று எண்ணிக்கொள்வது.

முதலில் மூன்று தேதிகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். சுல்தான் ஆட்சி ஒழிக்கப்பட்டது 1922 நவம்பர் 1. குடியரசு அறிவிக்கப்பட்டது 1923 அக்டோபர் 29. கிலாஃபத், அதாவது கலீஃபா பதவி, ஒழிக்கப்பட்டது 1924 மார்ச் 3. மூன்றுக்கும் காரணம் வேறு, சூழல் வேறு, எதிர்த்தவர்களும் வேறு.

சுல்தான் பதவி போனதற்கு உடனடிக் காரணம் ஓர் அழைப்பு. கிரேக்கப் படையை அங்காரா முறியடித்த பிறகு, நேச நாடுகள் லோசான் சமாதான மாநாட்டுக்கு அங்காராவையும் இஸ்தான்புல்லில் இருந்த சுல்தானின் அரசையும் சேர்த்தே அழைத்தன. போரில் எதிர்ப்பக்கம் நின்ற அரசு இப்போது மேசையில் வந்து பக்கத்தில் உட்காருவதை அங்காராவால் ஏற்க முடியவில்லை. அவை சுல்தான் பதவியைக் கிலாஃபத்திலிருந்து பிரித்து, முன்னதை மட்டும் ஒழித்தது. நவம்பர் 17 அன்று ஆறாம் மெஹ்மெத் வஹீதுத்தீன் பிரிட்டிஷ் போர்க்கப்பலான மலாயாவில் ஏறி வெளியேறினார். மறுநாள் அதே அவை அவருடைய உறவினர் அப்துல் மஜீதைக் கலீஃபாவாகத் தேர்ந்தெடுத்தது. மன்னராட்சியை ஒழித்த அவையே கலீஃபாவை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது என்ற இந்தச் செய்தியை விட்டுவிட்டால், அடுத்த பதினைந்து மாதங்களின் அரசியல் எதுவும் விளங்காது.

குடியரசு அறிவிப்பும் ஒரு நெருக்கடியில்தான் வந்தது. அமைச்சர்களை அவையே ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை அதுவரை நடைமுறையில் இருந்தது. அக்டோபர் 27 அன்று அமைச்சரவை விலகியதும் மாற்றுப் பட்டியல் எதுவும் ஒப்பேறவில்லை. அந்த முட்டுக்கட்டையை அவையின் தலைவர் முஸ்தபா கமால் (பின்னாளில் அத்தாதுர்க்) பயன்படுத்திக்கொண்டு, ஆட்சிமுறையையே மாற்றும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். வாக்களித்த 158 உறுப்பினர்களும் ஆதரித்தனர் என்று எழுதுவோர், பல உறுப்பினர்கள் அன்று அவையில் இல்லை என்பதையும் எழுத வேண்டும். விடுதலைப் போரின் முதல் வரிசைத் தலைவர்களான ரவூஃப், காசிம் கராபெகிர் ஆகியோரே அங்காராவில் இல்லை. தம்மைக் கலந்துகொள்ளாமல் நடந்தது என்ற அவர்களுடைய மனக்குறைதான் ஓராண்டுக்குப் பிறகு எதிர்க்கட்சியாக வடிவெடுத்தது.

தமிழில் எழுதும்போது இன்னொரு தவறு எளிதில் நுழைந்துவிடுகிறது. நமக்குக் கிலாஃபத் என்றால் காந்தியும் அலி சகோதரர்களும் நினைவுக்கு வருவார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான போராட்டம் அது. ஆகவே கலீஃபா பதவியை ஒழித்ததும் ஆங்கிலேயர்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒழித்தது அங்காராவின் அவை. அதிலும் ஒரு முரண் உண்டு. 1923 இறுதியில் இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் கலீஃபாவின் மதிப்பைக் காக்கும்படி பிரதமர் இஸ்மெத்துக்கு எழுதிய கடிதம், அவர் கைக்குப் போய்ச் சேருமுன்பே இஸ்தான்புல் நாளிதழ்களில் வெளியானது. அங்காராவுக்கு அது அயலார் தலையீடாகவும் கலீஃபாவைச் சுற்றி எதிர்ப்பு திரள்வதன் அறிகுறியாகவும் பட்டது. நாளிதழ் ஆசிரியர்கள் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டனர். கலீஃபாவைக் காப்பாற்ற எழுதப்பட்ட கடிதம் அவருடைய முடிவை விரைவுபடுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

ஒழிப்புச் சட்டத்தின் சொற்களையும் பார்க்க வேண்டும். கிலாஃபத்தின் பொருள் அரசு, குடியரசு என்பவற்றின் கருத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால் தனிப் பதவி நீக்கப்படுகிறது என்பதே அதன் முதல் பிரிவு. மார்க்கம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. நீதியமைச்சர் செய்யித் பே அன்று அவையில் ஆற்றிய நெடிய உரையும் இஸ்லாமியச் சட்ட வாதங்களின் மேலேயே நின்றது. அன்றிரவே அப்துல் மஜீதை வழக்கமான ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல், கூட்டம் கூடிவிடக் கூடாதென்று காரில் நகருக்கு வெளியே உள்ள சதால்ஜா வரை கொண்டுபோய் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ரயிலேற்றினார்கள். அவருடைய மகள் துர்ருஷெஹ்வார் 1931இல் ஐதராபாத் நிஜாமின் மூத்த மகனை மணந்தார் என்பது நம் பக்கத்து வரலாற்றோடு வந்து சேரும் ஒரு கிளை.

கதையை 1919 மே 19 அன்று முஸ்தபா கமால் சாம்சுன் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து தொடங்குவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தத் தொடக்கத்தை வரலாற்றுக்குக் கொடுத்தவர் முஸ்தபா கமாலேதான். 1927 அக்டோபரில் தம் கட்சி மாநாட்டில் ஆறு நாள்கள், முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் அவர் நிகழ்த்திய பேருரை அந்த இறங்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது. அவருடைய பழைய தோழர்களில் பலர் அதற்கு முந்தைய ஆண்டு இஸ்மிரில் அவரைக் கொல்லச் சதி செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் சிக்கி அரசியலிலிருந்து அகற்றப்பட்டிருந்த நேரம் அது. உரையில் அவர்கள் தயங்கியவர்களாகவும் தடம் புரண்டவர்களாகவும் வருகிறார்கள். அதைச் சான்றாகக் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். ஆனால் வெற்றி பெற்ற தலைவர் ஒருவர் தம் எதிரிகளைப் பற்றிச் சொன்ன கணக்கு அது என்பதை மறந்து, அதன் வரிசையையே வரலாற்றின் வரிசையாக எடுத்துக்கொள்வது முறையல்ல.

சாம்சுனுக்கு அவர் கலகக்காரராகப் போகவில்லை. சுல்தானின் அரசு நியமித்த படை ஆய்வாளராகப் போனார். அதற்குள் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் பல ஊர்களில் உரிமைப் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றிவிட்டன. அவற்றின் பின்னால் இருந்தவர்களில் கணிசமானோர் ஒற்றுமை முன்னேற்றச் சங்கத்தார், அதாவது இளந்துருக்கியர். 1908இல் அரசமைப்பை மீட்ட, 1913 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தனியாட்சி நடத்திய, 1914இல் நாட்டைப் போருக்குள் இழுத்த அதே அமைப்பு. அதன் தலைவர்களான என்வர், தலாத், ஜமால் மூவரும் 1918 நவம்பரில் தப்பியோடினார்கள். ஆனால் இரண்டாம் நிலையில் இருந்தவர்கள் போகவில்லை. இஸ்மிரில் அச்சங்கத்தின் செயலாளராக இருந்த ஜெலால் பயார் 1937இல் குடியரசின் பிரதமரானார், 1950இல் குடியரசுத் தலைவரானார். ஷரியா நீதிமன்றங்களை நீதி அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்ததும், புதிய குடும்பச் சட்டம் வகுத்ததும் 1917இலேயே முயன்று பார்க்கப்பட்டவை. இன்னும் பின்னோக்கிப் போனால் 1876இன் முதல் அரசமைப்புச் சட்டமும், இரண்டாம் அப்துல் ஹமீது 1878இல் முடக்கிவைத்த முதல் நாடாளுமன்றமும் நிற்கின்றன. தேர்தலும் அவையும் குடியரசு கண்டுபிடித்தவை அல்ல. கடனும் அப்படித்தான்: பேரரசு வாங்கிய கடனில் தன் பங்கை ஏற்றுக்கொண்ட குடியரசு, அதன் கடைசித் தவணையை 1954இல்தான் கட்டி முடித்தது.

தேசிய இயக்கம் தொடக்கம் முதலே சுல்தானுக்கும் மார்க்கத்துக்கும் எதிரானது என்று எழுதுவதும் இதே பின்னோக்கிய பார்வையின் விளைவு. 1920 ஏப்ரல் 23 அன்று பெருந்தேசிய சபை கூடியது ஒரு வெள்ளிக்கிழமை. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள். உறுப்பினர்கள் ஹாஜி பைராம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடித்து, ஊர்வலமாக வந்து அவையைத் திறந்தார்கள். பகைவர் பிடியிலிருக்கும் சுல்தான் கலீஃபாவை மீட்பதும் அவர்கள் அறிவித்த நோக்கங்களில் ஒன்று. அதே மாதத்தில் இஸ்தான்புல்லில் பேரரசின் தலைமை மார்க்க அதிகாரியான ஷெய்குல் இஸ்லாம் துர்ரிசாதே அப்துல்லா, அங்காராக்காரர்களைக் கலகக்காரர்கள் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வெளியிட்டார். அங்காராவின் முப்தி ரிஃபத் எதிர் ஃபத்வா வெளியிட்டார். அனடோலியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட முப்திகள் அதில் ஒப்பமிட்டார்கள். இரு தரப்பும் ஒரே மொழியில்தான் வாதிட்டன. அந்த ரிஃபத்தான் 1924இல் குடியரசின் சமய விவகாரத் துறைக்கு முதல் தலைவரானார்.

இங்கிருந்து மதச்சார்பின்மை பற்றிய பிழைக்குப் போகலாம். துருக்கி 1923இலேயே மதச்சார்பற்ற நாடானது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப்படுகிறது. குடியரசை அறிவித்த அதே திருத்தத்தில்தான் "துருக்கி அரசின் சமயம் இஸ்லாம்" என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. 1924 அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலும் அது தொடர்ந்தது. நீக்கப்பட்டது 1928 ஏப்ரலில். மதச்சார்பின்மை அரசமைப்புக்குள் எழுதப்பட்டது 1937இல். அது அரசும் சமயமும் தத்தம் வழியில் போகும் ஏற்பாடும் அல்ல. கிலாஃபத் ஒழிந்த அன்றே சமய விவகாரத் துறை பிரதமரின் கீழ் நிறுவப்பட்டது. இமாம்களின் நியமனம் அரசின் பொறுப்பாயிற்று. 1932 முதல் தொழுகை அழைப்பான பாங்கு எந்த மொழியில் ஒலிக்க வேண்டும் என்பதையும் அரசே சொன்னது. அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் மதச்சார்பின்மையை மனத்தில் வைத்துக்கொண்டு துருக்கியைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். 1925 தொப்பிச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது ஆண்களின் தலையணியைப் பற்றியது. பெண்களின் முக்காட்டை அந்தச் சட்டம் தடை செய்ததாக எழுதுவது பிழை.

உடன்படிக்கைகள் பக்கம் வந்தால், நாட்டைக் கூறுபோட்ட 1920 ஆகஸ்ட் செவ்ர் உடன்படிக்கை நடைமுறையில் இருந்ததுபோல் எழுதுகிறார்கள். சுல்தானின் தூதர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனால் உரிய ஒப்புதல் கிடைத்து அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதன் இடத்தில் வந்த 1923 ஜூலை 24 லோசான் உடன்படிக்கையைச் சுற்றி வாட்சப் கதை ஒன்று ஓயாமல் சுற்றுகிறது: நூறாண்டுக் காலக்கெடு முடிந்ததும் அது காலாவதியாகிவிடும், அதுவரை துருக்கி எண்ணெய் எடுக்கக் கூடாது என்று இரகசிய விதி இருக்கிறது என்பதாக. உடன்படிக்கையின் 143 பிரிவுகளும் அச்சில் உள்ளன; அவற்றில் காலக்கெடுவும் இல்லை, எண்ணெய்த் தடையும் இல்லை. 2023 ஜூலையும் வந்து போய்விட்டது. எண்ணெயோடு தொடர்புடைய காலக்கெடு ஒன்று உண்டுதான். அது வட ஈராக்கிலுள்ள மோசுல் பற்றிய 1926 உடன்படிக்கையில் இருக்கிறது, ஈராக்கின் எண்ணெய் உரிமைத்தொகையில் 10 விழுக்காடு 25 ஆண்டுகளுக்குத் துருக்கிக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

மக்கள்தொகையைப் பேசாமல் இந்த மாற்றத்தைச் சட்டங்களின் கதையாக மட்டும் சொல்வது தவறு மட்டுமல்ல, நியாயமும் அல்ல. போருக்கு முன் அனடோலியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிமல்லாதவர். 1927 கணக்கெடுப்பின்போது நாற்பதில் ஒருவர் என்ற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. 1915இல் தொடங்கிய ஆர்மீனியர் நாடுகடத்தலும் படுகொலைகளும், கிரேக்கர்களின் வெளியேற்றமும், 1923 ஜனவரியில் கையெழுத்தான கட்டாய மக்கள் பரிமாற்றமும் அதற்குக் காரணங்கள். குடியரசின் "ஒரே தேசம்" என்ற அடித்தளம் குடியரசு வருமுன்பே பெருமளவு இடப்பட்டுவிட்டது. அந்தப் பரிமாற்றத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கும் இடம்பெயர்ந்தார்கள். இதைக் கிரேக்கர், துருக்கியர் பரிமாற்றம் என்று சுருக்குவதில் எச்சரிக்கை வேண்டும்; அளவுகோல் மொழியல்ல, சமயம். துருக்கி மொழி மட்டுமே பேசிய, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிய கரமான் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் ஏஜியன் கரையில் வந்து குடியேறினார்கள். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்கு இருந்தது.

பெயர்களில் சிறு கவனம்: குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது 1934இல். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளில் "அத்தாதுர்க் ஆணையிட்டார்", "இனோனு கையெழுத்திட்டார்" என்று எழுதுவது காலப் பிழை. முஸ்தபா கமால், இஸ்மெத் பாஷா என்பதே பொருந்தும்.

கடைசியாக, குடியரசு வந்ததால் மக்களாட்சியும் வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. 1924 நவம்பரில் கராபெகிர், ரவூஃப் ஆகியோர் தொடங்கிய முன்னேற்றக் குடியரசுக் கட்சி, கிழக்கில் ஷேக் சயீது தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கொண்டுவரப்பட்ட அமைதி காப்புச் சட்டத்தின் கீழ் 1925 ஜூனில் மூடப்பட்டது. 1930இல் முன்னாள் பிரதமர் ஃபெத்தி தொடங்கிய கட்சி மூன்று மாதங்களில் தானே கலைந்தது. பல கட்சி அரசியல் நிலைபெற 1946 வரையும், ஆட்சி கைமாற 1950 மே வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1950ஐ மதச்சார்பின்மையைக் கவிழ்த்த ஆண்டு என்று எழுதுவதும் தவறே. அரபு மொழிப் பாங்குக்கு இருந்த தண்டனையை நீக்கும் சட்டம் அந்த ஜூனில் அவைக்கு வந்தபோது, ஆட்சியிழந்திருந்த அத்தாதுர்க்கின் கட்சி அதை எதிர்த்து நிற்கவில்லை.