மொறிஸ் மைனரின் கறள் (துரு) எடுத்த விதம்

அப்பாவின் மொறிஸ் மைனர் காரை வளவுக் கொட்டிலில் வைத்தே திருத்தினேன். யாழ்ப்பாணக் குருநகர்க் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. மேலே பெயின்ற் பளபளவென்றுதான் இருந்தது. தரைவிரிப்பை உயர்த்தி ஸ்குறூ ட்ரைவரால் குத்தினால் தகடு பொருபொருவென்று உதிர்ந்தது.

இந்தக் காருக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, உடலே பாரம் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டை வெட்டுமுன் காரை மட்டமாக முட்டுக்கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ண வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து கதவு பூட்டாது. பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் முதலே கழற்றிவிட்டோம். வெல்டிங் மச்சானுடைய கைவேலை, அருமையான கை.

மேலோட்டமான கறளுக்குக் கம்பி பிரஷ், அப்புறம் பொஸ்போரிக் அமிலம் கலந்த திரவம். கையுறை கட்டாயம். கறள் கறுத்து இறுகும். கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றைக்கே எபொக்ஸி பிறைமர் (பெயின்ற்றுக்கு முதல் பூசும் அடிப்பூச்சு). சிலர் சிவப்பு ஒக்சைட் பிறைமர் மட்டும் பூசி மாதக்கணக்கில் விடுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே விடும். மாரிக்கு முன் முடிப்பது நல்லது. பெட்டித் தகட்டின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைப் பெயின்ற்றால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் இந்தக் காரைத் தின்கிறது.