டேட்டாபேஸ் லைசென்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரந்தனிலோ முருங்கனிலோ ஓர் அரிசி ஆலைக்காரர், "தம்பி, நெல் கணக்குக்கு ஒரு புரோகிராம் செய்து தாருமன்" என்று கேட்கிறார் என்று வைப்போம். கேட்கப்பட்ட பிள்ளை எந்த மொழியில் எழுதுவது, கணக்கைச் சேமிக்க எந்த டேட்டாபேஸ் போடுவது என்று மண்டையைப் போட்டுக் குழப்பும். லைசென்ஸ், அதாவது பயன்பாட்டு உரிமம், ஞாபகத்துக்கே வராது. காசில்லாமல் தரவிறக்க முடிந்தால் இலவசம், அவ்வளவுதான். வன்னியில் சின்ன மென்பொருள் செய்து கொடுப்பவர்கள் சறுக்கக்கூடிய இடம் இதுதான்.

மைக்ரோசொப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சேர்வரில் டெவலப்பர் என்றொரு பதிப்பு இருக்கிறது. 2016 முதல் இலவசம், வசதிகளும் தாராளம். வகுப்பில் பழகிய கை அதையே ஆலைக் கணினியிலும் போட்டுவிடும். ஆனால் அது எழுதிப் பார்க்கவும் சோதிக்கவும் மட்டும் தரப்பட்டது. நிஜ விவசாயியின் மூட்டைக் கணக்கை அதில் நடத்தத் தொடங்கினால் நிபந்தனையை மீறியாயிற்று. சரி, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு மாறலாம் என்றால் அங்கே குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜென்ட் கிடையாது. இரவில் தானாக பேக்கப் எடுக்க அதை நம்பியிருந்தால், அந்த வேலையை விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் திரும்ப எழுத வேண்டும். எக்ஸ்பிரஸில் ஓடப்போகிறது என்றால் எழுதுவதையும் எக்ஸ்பிரஸிலேயே தொடங்குங்கள்.

எக்ஸ்பிரஸுக்கும் எல்லை உண்டு. 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி. வெறும் எழுத்தும் எண்ணும் என்றால் ஓர் ஆலைக்கு அது பல வருடம் தாங்கும். அடையாள அட்டைப் படத்தையும் பற்றுச்சீட்டு ஸ்கேனையும் உள்ளேயே திணித்தால்தான் ஆபத்து. நிரம்பிவிட்டால் பழைய பதிவைப் பார்க்கலாம், புதிது ஏறாது. அது காலபோக அறுவடை நேரத்தில், லான்ட்மாஸ்டர்கள் வாசலில் வரிசையாக நிற்கும்போது நடந்தால் ஆலைக்காரர் சொல்வதை இங்கே எழுத முடியாது. படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, இருக்கும் இடத்தை மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள்.

ஒரக்கிள் நிறுவனத்தின் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் விஷயம் வேறு. அதன் இலவசப் பதிப்பு ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது; சேர்த்துக் கட்டிப் பிறருக்குக் கொடுத்தால் உங்கள் நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம் அது. ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் சொந்தக் கணக்குக்குப் பயன்படுத்தினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நிரலை மூடிவைத்து, மைஎஸ்கியூஎல்லையும் சேர்த்துக் கட்டி ஊர் ஊராக விற்றால்தான் கேள்வி எழும். ஒரக்கிள் தனியே வணிக உரிமம் விற்பது அந்த மாதிரி ஆட்களுக்கு. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபிக்கு மாறினால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் சேர்வரும் ஜிபிஎல்தான்.

நிரல் எழுதும் கருவியான மைக்ரோசொப்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனி ஆளுக்கு இலவசம், செய்ததை விற்கவும் தடையில்லை. சிறு நிறுவனமாகப் பதிந்தால் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரைதான்.

கிராக் பண்ணிய பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டம் வவுனியா வரை வருமா என்று சிரிக்கலாம். கிராக்கோடு சேர்ந்து வரும் வைரஸ் கட்டாயம் வரும்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை எடுக்கலாம். உங்கள் நிரலை மூடி விற்றாலும் அதன் உரிமம் மறுக்காது, உரிம அறிவிப்பைக் கூடவே வைத்தால் போதும். ஜிபி எல்லையும் உரிமத்தில் இல்லை. ஒரே கணினியில் ஓடும் கடைக் கணக்கென்றால் எஸ்கியூலைட் தாராளம். அதற்கு யாரும் பதிப்புரிமை கோருவதில்லை, கேள்வியே இல்லை.

அப்புறம் கொட்டேஷன். கட்டண மென்பொருள் தேவைப்பட்டால் அதைத் தனி வரியாகப் போட்டு, ஆலையின் பெயரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கினால், நீங்கள் கனடா போன பிறகு புதுப்பிக்க அவர்களிடம் ஒரு பாஸ்வேர்ட்கூட இருக்காது. எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம், அதையே அடுத்த ஆலைக்கு விற்கலாமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.