மோட்டார் நிற்கும்போது போர்டு ரீசெட் ஆகிறதா? கான்டாக்டர் காயிலைப் பாருங்கள்

அண்ணனின் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஒரு போர்டு செய்து கொடுத்தேன். தண்ணீர் வற்றி ஆம்பியர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும். ஊற்று ஊற இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டும். அட்மெகா328 என்ற கட்டுப்பாட்டுச் சிப், 12 வோல்ட் ரிலே (சிறு மின்காந்தச் சுவிட்சு), அது இயக்கும் 230 வோல்ட் காயில் (காந்தச் சுருள்) கான்டாக்டர், அதாவது மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெரிய சுவிட்சு. வீட்டு மேசையில் பிசகில்லாமல் வேலை செய்தது. தோட்டத்திலோ, மோட்டார் நின்ற நொடியே சிப் ரீசெட் ஆகி, முதலிலிருந்து தொடங்கியது. காத்திருப்பு மறந்துபோய், வறண்ட கிணற்றில் உடனே மோட்டாரைப் போட்டது.

எதையும் மாற்றும் முன், சிப்பைக் குழப்பும் மின் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிய பிறகே ஒயரில் கை வையுங்கள். கான்டாக்டர் ஒயரைப் பிரித்துவிட்டு ரிலேயை மட்டும் இயக்கினேன், ரீசெட் இல்லை. மோட்டார் ஒயரை மட்டும் பிரித்துக் கான்டாக்டரை இயக்கினேன், ரீசெட் ஆனது. ஆக, குற்றவாளி மோட்டார் அல்ல, கான்டாக்டரின் காயில்.

காயிலில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்தால், அதில் தேங்கிய காந்த ஆற்றல் போக வழியில்லாமல் மின்னழுத்தத்தைப் பல நூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும். ரிலேயின் முனைகளுக்கிடையே பொறி பறக்கும். அந்தப் பொறி ஒரு சிறு வானொலி நிலையம். போர்டில் உள்ள ஒவ்வொரு ஒயரும் அதற்கு ஆன்டெனா.

அந்த ஆற்றலுக்கு வழி விடுவதே மருந்து. 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடவே செய்யப்பட்ட) கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து, காயிலின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். சாதாரணக் கெப்பாசிட்டர் இங்கே கூடாது. மின்கம்பியின் ஏற்ற இறக்கத்தில் அது வெடிக்கலாம். காயில் 415 வோல்ட் என்றால் 275 வோல்ட் எக்ஸ்2 போதாது. சிலர் இதை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரிலே திறந்திருக்கும்போதும் சுமார் 7 மில்லியாம்பியர் கசியும். சிறிய கான்டாக்டர் விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடும்.

12 வோல்ட் ரிலே காயிலுக்கு 1என்4007 டயோடு போதும், வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். ஏசி காயிலுக்கு டயோடு போட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.

இதன் பிறகே சிப்பைப் பாருங்கள். 7-8, 20-22 என்ற இரு கால் இணைகளுக்கும் தனித்தனியே 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர், கால்களை ஒட்ட வெட்டி. ஒவ்வொரு மில்லிமீட்டர் ஒயரும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. நீண்ட கால் விட்டால் பாதிப் பயன் போய்விடும். ரீசெட் காலுக்கு 10 கிலோஓம் புல்-அப், அதாவது அந்தக் காலைச் சிப்பின் பாசிட்டிவ் சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர். ரிலேயின் கிரவுண்டு ஒயரைச் சிப்பின் கிரவுண்டு வழியாகக் கொண்டுவராமல், நேராக பவர் சப்ளைக்குக் கொண்டுபோங்கள். ஆம்பியர் பார்க்கும் சிடியின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இரு ஒயர்களையும் முறுக்கி, மோட்டார் கேபிளை விட்டு விலக்கிக் கட்டுங்கள்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் நிறுத்தி, போர்டுக்கு அருகே வைத்துக் கான்டாக்டரை இயக்குங்கள். முன்பு படாரென்று ஒலித்தது, இப்போது மெல்லிய டிக் சத்தமாக வேண்டும். எங்கள் போர்டை நூறு முறை போட்டு நிறுத்தினேன், ஒரு முறைகூட ரீசெட் ஆகவில்லை. அன்று மாலை கிணறு வற்றியது; மோட்டார் நின்றது; இரண்டு மணி நேரம் கழித்தே ஓடியது.